நேராக நீந்தச் சொன்ன மச்சானுக்கு

போளூர் பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் மச்சான் ஆனந்தனுக்கு, ஜவ்வாது மலை புதூர்நாட்டிலிருந்து உன் அக்கா புருஷன் சடையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஈஸ்வரியும் சுகம். ஆடுகளும் சுகம். உன் சுகத்தை இந்தத் தடவை நான் விசாரிப்பதாக இல்லை. போனில் திட்டினால் டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முழுக்கப் படி.

போளூரில் புதிதாகத் திறந்த நீச்சல் குளத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குப் போட்டி என்றதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைக் கொடுத்தவன் நீ. கொடுத்ததோடு விட்டாயா, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் என் போட்டோவோடு போட்டுவிட்டாய். இப்போது புளி உலுக்குகிற வேலையைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஊரே ஜீப் பேசி வைத்திருக்கிறது. இந்தப் பக்கம் கிணற்றில் ஆடு விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் நான் சம்பாதித்தது. அத்தனை பேர் எதிரில் நான் கோணல்மாணலாக நீந்தித் தோற்றால், நாளைக்கு ஒரு பிள்ளை கிணற்றில் விழும்போது என்னைக் கூப்பிடுவார்களா, வேறு ஆளைத் தேடுவார்களா? இதை யோசித்தாயா நீ?

பயிற்சிக்கென்று நீ அனுப்பிய ஜட்டியை உன் அக்கா துவைத்துக் கொடியில் போட்டாள். பக்கத்து வீட்டு திரௌபதி அதைப் பார்த்துவிட்டு, வூட்டுக்குப் பேரப்பிள்ளை வந்திருக்கா என்று விசாரித்துவிட்டுப் போனாள். அது எனக்கு முழங்கால் வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் ஏற்ற நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாட்டை எழுத இந்தத் தாள் போதாது.

குளத்தில் பயிற்சி கொடுத்த கோச் கோபால்சாமி சார் நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயத்திலும் ஒத்துவரவில்லை. அவர் விசில் ஊதினார், எல்லோரும் குதித்தார்கள். நான் குனிந்து தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றி, கன்னிமாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கும்பிடாமல் எந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறேன் நான்? கும்பிட்டு நிமிர்ந்தால் மற்றவர்கள் பாதிக் குளம் போய்விட்டார்கள். அடுத்தது, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்த வேண்டுமாம்.

"மூஞ்ச உள்ள வெச்சிக்கினா முங்குறது யாருன்னு எப்டி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"இங்க யாரும் முங்க மாட்டாங்க, சடையன்."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் இவ்ளோ அவசரம்?"

அவர் மறுபடியும் விசிலை எடுத்து ஊதினார். நீயாக இருந்தால் டவர் இல்லை என்றிருப்பாய்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் பிறந்ததிலிருந்து நீந்தியது நம் வட்டக் கிணற்றில். காலை உதைத்தால் உடம்பு தானாக இடது பக்கம் வளைகிறது, நான் என்ன செய்ய? ஆளுக்கொரு தடம் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து, பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு தாசில்தார் மேல் போய் மோதினேன். மோதியதும் பழக்க தோஷத்தில் அவர் தலைமுடியைப் பிடித்துக் கரைவரைக்கும் இழுத்து வந்து, குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். அவர் முங்கவே இல்லையாம். உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்து அந்த மனிதர் பேசிய பேச்சு, ஒரு நன்றி உண்டா?

போதாக்குறைக்கு உன் அக்கா. நேராக நீந்திப் பழக என்னைத் தடுப்பணைக்குக் கூட்டிப்போனாள். எத்தனை தடவை போனாலும் புறப்பட்ட கரைக்கே வளைந்து வந்து சேர்ந்தேன். கடைசியில் அவள் எதிர்க்கரைக்குப் போய் நின்று, "ஐயோ, குட்டி தண்ணில வுழுந்துடுச்சி" என்று அலறினாள். நான் குறுக்கே வெட்டிக்கொண்டு நூல் பிடித்தாற்போலப் போய்ச் சேர்ந்தேன். ஆட்டுக்குட்டி மரத்தடியில் கட்டுண்டு கிடந்து தழை தின்றுகொண்டிருந்தது. "நேரா வரத் தெரியுது இல்ல உங்களுக்கு," என்று சிரிக்கிறாள். குடும்பமே சேர்ந்து என்னை ஏமாற்றுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் போய் என் பெயரை எடுத்துவிடு. காய்ச்சல் என்று சொல், கால் பிசகியது என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். ஜவ்வாது மலையிலிருந்து சடையன் வரமாட்டான். இது முடிவு.

உன் கடை பெருகட்டும், உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உனக்குப் புத்தி வரட்டும்.

இப்படிக்குக் கோபம் தீராத உன் மாமா,
சடையன்

பின்குறிப்பு: பெயரை எடுத்திருந்தால் ஓடிப்போய்த் திரும்பக் கொடு. ஜீப்பில் முன் சீட்டை எனக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், இனி எப்படி மாட்டேன் என்பது? நீ ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வா. கூட்டத்தோடு உட்காராதே. குளத்தின் எதிர் முனையில் போய் நில். விசில் ஊதியதும் "மாமா, முங்குறேன்" என்று நன்றாகக் கத்து. உனக்கு நீச்சல் தெரியாது. பொய் என்று தெரிந்தாலும் என் உடம்பு நம்பிவிடும்.