குதிகால் சித்தப்பா

உலகத்தில் முகம் பார்த்துப் பேசுகிற மனிதர்கள் பலர் உண்டு. நீங்கள் எதிரே வரும்போதே உங்கள் பாதத்தைப் பார்த்துப் பேசுகிற இனம் ஒன்று உண்டே, அதைக் கண்டிருக்கிறீர்களா? காலையில் ஆட்கள் ஓடுகிற பூங்காவில் இந்த இனம் செழித்து வளரும். 'முட்டி வலிக்கிறது' என்ற சொல் யார் வாயிலிருந்தாவது விழவேண்டும், விழுந்த இடத்திலேயே இந்த இனத்தவர் ஒருவர் முளைத்து நிற்பார்.

எங்கள் குடும்பத்துக்கும் ஒருவர் வாய்த்தார். என் நாத்தனாரின் கொழுந்தன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பார்வை மங்கலென்று வருகிறவரின் செருப்பைக் கழற்றச் சொல்லி, அதைத் திருப்பிப் பார்த்து, "வெளிப்பக்கம் தேஞ்சிருக்கே, முட்டி வலிக்குமே" என்பார். கண்ணுக்கு வந்தவர் முட்டியைத் தடவிக்கொண்டு வீடு போவார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வந்தால் ஊரெல்லாம் அவர் மூக்கையும் முழியையும் பார்க்கும். இவர் குனிந்து, குதிகால் முதலில் படுகிறதா, விரல் முதலில் படுகிறதா என்று பார்ப்பார். அவருடைய சொந்த மாமியாரே குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, தூக்கிவிடுவதற்கு முன்னால், "எந்தக் காலை முதல்ல வச்சீங்க?" என்று விசாரித்த மனிதர்.

அதுவரை யாருக்கும் நட்டமில்லை. நாத்தனார் மகளுக்குத் தீயணைப்புத் துறையில் ஓட்டத் தேர்வு வந்தபோதுதான் வினை. வயது வரம்பில் அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து வலது முட்டி முனகியது. அவளுக்குச் சித்தப்பா முறையான இவருக்குச் சேதி காற்றில் போய்விட்டது.

"எங்க, ஓடு பாக்கலாம்."

ஓடினாள்.

"குதிகாலை ஊனி ஓடுற. அந்த அடி நேரா முட்டிக்குப் போகுது. இனிமே விரல்ல ஓடு."

விரலில் ஓடினாள். முட்டிவலி போயிற்று, கெண்டைக்கால் வலி வந்தது. மாடியில் குடியிருந்தவன் கீழ்வீட்டுக்கு மாறிய கதை.

"கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது சித்தப்பா."

"அது நல்ல வலிம்மா."

வலியில் நல்லது கெட்டது பிரிக்கும் ஞானம் வேறு யாருக்கு வரும்? அதன்பின் தோளைத் தளர்த்து என்றார், முழங்கையை ஒடுக்கு என்றார், நெஞ்சைச் சாய், வயிற்றை இறுக்கு, மூச்சை எண்ணு என்றார். கடைசியில் அந்தப் பெண் ஓடுவது, சேறு மிதிக்காமல் தெரு கடக்கிறவள் போல ஆகிவிட்டது.

"ஏன் தம்பி, வலியோடன்னாலும் முந்தி ஓடிட்டிருந்தா. இப்ப யோசனைதான் ஓடுது, கால் நிக்குது" என்றாள் நாத்தனார்.

"பழைய தப்பு வெளிய போகும்போது அப்படித்தான் இருக்கும் அண்ணி."

பொறுக்காமல் அவளை நான் முட்டி வைத்தியம் பார்க்கிற அம்மாவிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "காலை ரொம்ப முன்னால வீசாத. அடியைச் சின்னதா, சுருக்கா வை. மத்ததையெல்லாம் விட்டுடு" என்றார். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதாலேயே எங்களில் யாரும் அதை மருந்தாக மதிக்கவில்லை.

தேர்வு நாளில் சித்தப்பா மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்றார். நின்றாரா? அவள் ஓட ஓட, அவரும் வேலியோரமாக நீள நீளமாகக் கால் வீசி ஓடிவந்தார். "தோளு... முழங்கை... குதிகால் பாரு, குதிகால்..." அவள் முகம் சிவந்தது. சட்டென்று சின்னச் சின்ன அடியாக, இட்லித் தட்டு தாளம் போடுவது போலத் தடதடவென்று ஓடினாள். முன்னால் போன இரண்டு பேரைத் தாண்டினாள். தேறிவிட்டாள்.

"எப்படிடி ஓடின?" என்று கேட்டேன்.

"அவர் குரல் கேக்காத தூரத்துக்குப் போகணும்னு ஓடினேன் அத்தை. கால் எங்க பட்டதுன்னு யாரு பாத்தா?"

வேலிக்கு வெளியே சித்தப்பா தரையில் உட்கார்ந்து, வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, முட்டியா?" என்றாள் நாத்தனார்.

"முட்டியில்ல அண்ணி, தரை சரியில்ல. அதை விடுங்க, நான் சொல்லிக்கொடுத்த ஓட்டத்தைப் பாத்தீங்கல்ல?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக்கு யாராவது நொண்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வரும்போது, நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன்னால், "எங்க, கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்று உங்கள் வாயில் வந்துவிட்டால், பூங்காவில் உங்களுக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.