காய்ச்சல் கண்ட அடைக்கோழியும் பன்னிரண்டு லெகோண் முட்டைகளும்

பேசாலை,
28 வைகாசி 1938.

அன்புள்ள மைத்துனர் சந்தியோகுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். கொழும்பு மழையில் நீங்களும் தடிமன் பிடிக்காமல் இருக்க மன்றாடுகிறோம்.

நத்தார்ப் பெருநாளுக்கு வந்தபோது, "அத்தான், கோழிக்கும் காய்ச்சல் வருமோ?" என்று கேட்டீர். அன்று சிரித்தேன்; இன்று பதில் எழுதுகிறேன்.

நீர் றெயிலில் அனுப்பிய பன்னிரண்டு லெகோண் சாதிக் கோழி முட்டைகளையும் உம்முடைய அக்கா றஞ்சிதம் கூடையில் அடுக்கி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு, ஊர்க்கோழியை அடை வைத்தாள். பதினெட்டாம் நாள் உச்சிவெயிலில் கோழி வாயைப் பிளந்து இளைத்தது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி மீராசாஹிபு எனக்கு இரவல் தந்திருந்த தெர்மாமீற்றரைச் செட்டைக்குள் வைத்தேன். நூற்றெட்டு! முப்பது வருடம், "உடலின் சூடு தொண்ணூற்றெட்டே நாலு" என்று படிப்பித்தவன் நான். யாருடைய உடல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. உடனே காய்ச்சல் மருந்து கொயினாவைத் தேனில் குழைத்தேன், கொண்டையில் ஈரத்துணி கட்டப் போனேன், கோழி என் பெருவிரலைப் பதம் பார்த்தது, றஞ்சிதம் அழத் தொடங்கினாள்.

"கோழி செத்தா முட்டையெல்லாம் கூழ்தான். தம்பிக்கு நீங்களே எழுதுங்கோ!"

ஆள் அனுப்பியதும் மீராசாஹிபு ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாஸ்டர், கோழிக்கு நூற்றாறு, நூற்றேழு எண்டா நல்ல சுகம். நூற்றெட்டு கொஞ்சம் கூடத்தான். அந்த மருந்தை நீங்க குடியுங்கோ, பயந்துபோனது நீங்கதான். இது கடைசியா எப்ப தண்ணி குடிச்சது?"

எனக்கும் றஞ்சிதத்துக்கும் தெரியாது.

அவர் விளக்கினார். இரத்தத்தில் கலக்கும் ஒரு சுரப்பு, ஓமோன் என்கிறார்கள், அடைக்கோழியை எழும்பவே விடாது. கோழிக்கு வியர்வையில்லை, இளைத்துத்தான் சூட்டை ஆற்றும், ஒவ்வொரு மூச்சுக்கும் நீர் செலவு. உடலில் நீர் வற்றினால் இன்னொரு சுரப்பு, "இருப்பதைச் சேமி" என்று கட்டளையிடும். சரக்குக் குறைந்த கடைக்காரர் கதவைப் பாதி சாத்துவதுபோல இளைப்புக் குறையும்; சூடு உள்ளேயே தங்கி ஏறும்.

ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரை மூக்கடியில் வைத்தோம். பதினாலு முறை தலையை நிமிர்த்திக் குடித்தது. அரை மணியில் நூற்றேழு! இன்று ஒன்பது குஞ்சுகள் வெளியே. மற்ற மூன்று முட்டைகளுக்குள்ளும் கொத்தும் சத்தம் கேட்கிறது. றஞ்சிதம் காதை எடுக்கிறாளில்லை.

கிறேசுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

உம்முடைய அத்தான்,
அமிர்தநாயகம்

பி.கு.: மீராசாஹிபு சற்றுமுன் தெர்மாமீற்றரைத் திருப்பி வாங்கித் தம் வாயில் வைத்துப் பார்த்தார். நூற்றொன்று. மனிதருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆகவே தெர்மாமீற்றர்தான் கூட்டிக் காட்டுகிறது; மேலே அது காட்டியதாக எழுதிய இலக்கங்களில் இரண்டரையைக் கழித்துவிடும். கோழிக்குக் காய்ச்சலே இருக்கவில்லை. தாகம் மட்டும் மெய். உம்முடைய கோழி அடை கிடக்கும்போது, வெயில் ஏறுமுன் ஒரு சிரட்டைத் தண்ணீரை அது இருந்தபடியே எட்டிக் குடிக்க வைத்துப் பாரும்.