சகலைகள் கட்டிய வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் இங்கே யாரும் சௌக்கியமாக இல்லை. உன் வீட்டிலும் இல்லை என்பதை நேற்று நீயே போனில் சொன்னாய். அதற்குக் காரணம் நான்தான் என்பதால் மற்ற உபசார வார்த்தைகளை எழுதக் கை வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசிய நாள் ஒன்று உண்டா? அத்தான் கண்ணில் படாமல், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இதைப் படி. உட்கார்ந்து படி. பித்தப்பையை எடுத்த உடம்பு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தான் தன் கிளினிக்கில் இவருக்குப் பல் பிடுங்கினார். பிடுங்கியது சொத்தைப் பல் இல்லை, பக்கத்துப் பல் என்று இவர் சொன்னார். அதுவும் சொத்தையாகத்தான் போகிறது என்று அத்தான் சொன்னார். "அப்படிப் பார்த்தா என் வாயில ஒண்ணுமே மிஞ்சாது டாக்டர்" என்று வாய் நிறையப் பஞ்சோடு இவர் கத்தியபோது நாம் இருவரும் பக்கத்தில்தான் நின்றோம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. நீ உன் வீட்டுக்காரருக்காக என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, நான் என் வீட்டுக்காரருக்காக உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உனக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட, அத்தான் கீழே காபி குடிக்கப் போன நேரம் பார்த்து நான் வந்தேன். நர்ஸ் கண்ஜாடை காட்டியதும் உன் கையை விட்டுவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டில் ஓடினேன். அன்று நீ பாதி மயக்கத்தில் "போடி போடி, வந்துடப் போறார்" என்று என்னை விரட்டியதை நினைத்துப் பல நாள் அழுதிருக்கிறேன். அக்கா, அந்த அழுகை முழுக்க வீண்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பையனும் உன் பையனும் பள்ளிக்கூட நாட்களில் கையில் வைத்துக்கொண்டு விளையாடுவார்களே, ஆளுக்கொரு வீடியோ கேம் கருவி, நினைவிருக்கிறதா? அவன் உன் வீட்டிலும் இவன் என் வீட்டிலும் உட்கார்ந்தபடியே ஒரே உலகத்துக்குள் போய் மண் வெட்டுவார்கள், மரம் வெட்டுவார்கள், வீடு கட்டுவார்கள், ஆடு வளர்ப்பார்கள். ஜெயிப்பதும் கிடையாது தோற்பதும் கிடையாது. அந்த உலகத்தில் வானம், மாடு, மனிதன் எல்லாமே கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது இரண்டு பேரும் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். என் பையனுடையது அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

இவர் தினமும் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போவார். போனால் ஒரு மணி நேரம். இவரைப் போன்ற லிஃப்ட் பரிசோதகர்களுக்கு எதையும் நுணுக்கமாகப் பார்க்கும் பழக்கம் உண்டுதான், ஆனால் ஒரு தொட்டியில் பார்க்க அவ்வளவு என்ன இருக்கிறது? பையனைப் பிரிந்த ஏக்கத்தில் மேலே தனியாக உட்கார்ந்து கண் கலங்குகிறார் என்று முடிவு செய்து, தொந்தரவு செய்யாமல் கீழே உட்கார்ந்து நானும் கொஞ்சம் கண் கலங்கிக்கொள்வேன். இத்தனை வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்து அவரைப் பற்றி நாம் கற்பனை செய்வதுதான் எவ்வளவு உயர்வாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்று, நாலாவது மாடி வக்கீல் உள்ளே மாட்டிக்கொண்டார். ஆட்கள் கூப்பிட, இவர் மாடியிலிருந்து அப்படியே இறங்கி ஓடினார். நான் காய்ந்த துணி எடுக்கப் படியேறி மேலே போனேன். தொட்டி நிழலில் ஒரு தலையணை, ஒரு தண்ணீர் பாட்டில், பையனுடைய கேம், அதில் செருகிய ஹெட்போன். ஹெட்போனிலிருந்து எறும்பு பேசுவது போல ஒரு குரல். காதில் வைத்தேன்.

"சகலை, எங்க போயிட்டீங்க? ஆடெல்லாம் வெளிய நிக்குது, இருட்டப் போகுது."

அது அத்தான் குரல் என்று புரிய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. காது கேட்கிறதா என்று மற்றவர்களைச் சோதிப்பதுதானே என் வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்குங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். இப்போது சத்தம் எனக்கே கேட்டது, பட்டனும் கையிலேயே இருந்தது. அமுக்கிவிட்டேன். திரையில் ஒரு கோடாரி ஓங்கி இறங்கி வேலியை உடைத்தது. கட்டம் கட்டமான ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து மலைப்பக்கம் நடந்தன.

"ஐயய்ய, என்ன பண்றீங்க? சரி விடுங்க, நான் ஓட்டிக்கிறேன். ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க, பல்லு வலிக்குதா?"

"ம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அந்தப் பக்கம் மெல்லாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. புதுப் பல்லு செட் ஆகணும் இல்ல? நாளைக்கு வந்து காட்டிட்டுப் போங்க. பின்வாசல் வழியா வாங்க. முன்னாடி உக்காந்திருக்கிற பொண்ணு எங்க வீட்டு உளவாளி."

அக்கா, நான் தொட்டியில் சாய்ந்துகொண்டேன். இவர் ஊருக்கு வெளியே யாரோ புது டாக்டரிடம் போய்ச் செயற்கைப் பல் கட்டிக்கொண்டதாகத்தான் என்னிடம் சொன்னார். கை பஞ்சு மாதிரி, ஊசி போட்டதே தெரியவில்லை என்று மாதக்கணக்கில் புகழ்ந்தார். நானும் "உங்க சகலையும் இருக்காரே" என்று ஒத்து ஊதினேன். அந்தப் பஞ்சுக் கை அத்தானுடையதுதான். நீ அவர் வாக்கிங் போகிறார், ஆனால் தொப்பை குறையவே மாட்டேன் என்கிறது என்று புலம்பினாயே, அவர் எங்கும் நடக்கவில்லை. கிளினிக்கில் நோயாளிகளைச் சாய்க்கும் நாற்காலியில் தானே சாய்ந்துகொண்டு விளையாடுகிறார். இதை அவரே சொன்னார்: "இந்த நாற்காலி மாதிரி சுகம் வேற எங்கயும் இல்ல சகலை, நோயாளிங்க ஏன் கத்துறாங்கன்னே தெரியல."

திரையில் அத்தான் உருவத்தின் பின்னாலேயே நடக்கப் பார்த்தேன். நேராகப் போகத் தெரியாமல் மூன்று முறை சுவரில் முட்டி, ஒரு முறை குளத்தில் விழுந்து எழுந்து போனால், அங்கே ஒரு வீடு. வீடு என்றா சொல்வது, அரண்மனை. நம் வீட்டில் ஒரு ஆணி அடிக்க ஆறு மாதம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அங்கே மாடி மேல் மாடி. ஒரு பக்கத்துக் கதவில் 'டாக்டர்' என்று பலகை, மறுபக்கத்துக் கதவில் 'சகலை' என்று பலகை, நடுவில் பொதுக் கூடம். பையன்களுக்கு ஆளுக்கொரு அறை, அவர்கள் சின்ன வயதில் கட்டிய கோணல் குடிசையையும் இடிக்காமல் சுற்றி வேலி. அதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு மனசு என்னவோ செய்தது. தோட்டத்தைத் தாண்டி, தூரத்தில், ஜன்னலே இல்லாமல், சுவர் முழுக்கக் கம்பளி ஒட்டிய தனிக் கட்டடம் ஒன்று. அதில் பலகை: 'அக்கா தங்கை பேசும் அறை. சத்தம் வெளியே வராது.'

மனசு என்னவோ செய்தது அத்தோடு நின்றுவிட்டது.

"மேல வாங்க, சூரியன் இறங்குறதைப் பாத்துட்டு வந்து படுப்போம்" என்று அத்தான் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். அந்த உலகத்தில் உள்ள எல்லோரும் படுக்கையில் படுத்தால்தான் ராத்திரி கழிந்து உடனே விடியுமாம். ஒருவர் முழித்திருந்தாலும் பேய் பிசாசு எல்லாம் வந்துவிடுமாம். அங்கே நின்றுகொண்டு அத்தான் மெதுவாகக் கேட்டார்: "வீட்ல சொல்லிட்டீங்களா? நானும் இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றது? இவ ரெண்டு வருஷமா உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கா. நான் பாதியிலயே மறந்துட்டேன், இவ விட மாட்டேங்கிறா. இப்பப் போய் நாங்க ராசியாயிட்டோம்னா, இவ்வளவு நாள் திட்டினதுக்கும் சேர்த்து என்னைத்தான் வாங்குவா. நீங்க முதல்ல உங்க வீட்ல சொல்லுங்க. உங்க வீட்ல கொஞ்சம் சாது."

"ம்ம்ம்ம்" என்றேன். சாது என்றதற்கு இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து, அடிவயிற்றிலிருந்து, தானாக வந்தது.

பிறகு "சகலை?" என்று ஒரு சின்னக் குரல். படுத்துவிடலாம் என்று படுக்கிற பட்டனைத் தேடி ஏதோ ஒன்றை அமுக்கினேன். கோடாரி மறுபடி ஓங்கியது. அடுத்த நொடி அத்தான் மாடியில் இல்லை. கீழே குப்பை எரிப்பதற்காக அவர்கள் வெட்டி வைத்திருந்த நெருப்புக் குழியில் விழுந்து, கையிலிருந்த சாமானெல்லாம் எரிந்து, 'டாக்டர் வெளியேறினார்' என்று திரையில் ஒரு வரி வந்தது. நான் ஹெட்போனைக் கழற்றித் தலையணை மேல் வைத்துவிட்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கினேன். வழியில் வக்கீலைக் காப்பாற்றிய பெருமையோடு இவர் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். நான் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டேன்.

அன்று மாலையிலிருந்து இவர் ஆளே மாறிவிட்டார். தொட்டி பார்க்கப் போவதில்லை. சொல்லாமலேயே ஃபேன் இறக்கையைத் துடைக்கிறார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறார். நான் வாயைத் திறந்தால் எழுந்து நிற்கிறார். அத்தான் பேச்சை முறித்துக்கொண்டார், அந்தத் துக்கம். நேற்று நீ என்ன சொன்னாய்? "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கார்டி. எது சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டுறார். எனக்குப் பயமா இருக்கு, ஹார்ட் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?" ஹார்ட்டில் ஒன்றும் இல்லை, அக்கா. பழைய பல் கணக்கைத் தீர்க்க இவர் தன்னை மாடியிலிருந்து தள்ளிவிட்டார் என்று நினைத்து அத்தான் மனம் உடைந்திருக்கிறார். தள்ளியது இவர் இல்லை, உன் தங்கை.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு அதிர்ச்சி எது? இரண்டு வளர்ந்த ஆண்கள் ஆடு மேய்ப்பதா? ஏமாற்றியதா? இல்லை. அவர்கள் தூக்கிப் போட்டுவிட்டுப் போன சண்டையை நாம் இரண்டு பேரும் விசுவாசமாக எடுத்துத் துடைத்து, சோறூட்டி வளர்த்திருக்கிறோம். அவர்கள் ராசியாகி ஒரு வீடே கட்டி முடிக்கிற வரைக்கும் நான் உன் வீட்டுத் தெருவைத் தவிர்த்து ஆஸ்பத்திரி பின்படியில் ஓடியிருக்கிறேன். கடைசியில், ஒட்டிக்கொண்டதையும் ஒரே அடியில் உடைத்தவள் நானாகிவிட்டேன். இனி இவர்கள் நிஜமாகவே பேசமாட்டார்கள். நாம் நிஜமாகவே பார்த்துக்கொள்ள முடியாது.

எனவே நீ செய்ய வேண்டியது இது. உனக்கு ஒன்றும் தெரியாத மாதிரியே இருந்துகொண்டு, அன்றைக்கு இவருக்குக் கடும் காய்ச்சல், கை நடுக்கம், தெரியாமல் பட்டன் அமுங்கியிருக்கலாம் என்று அத்தானிடம் எப்படியாவது பேச்சுவாக்கில் சொல்லிவிடு. பட்டன் என்ற வார்த்தை உன் வாயில் வரக்கூடாது. எப்படிச் சொல்வாய் என்று எனக்கும் தெரியவில்லை. நீ மூத்தவள், கண்டுபிடிப்பாய். அதற்குப் பிறகு இதைக் கிழித்துப் போட்டுவிடு.

பெரியவளான உனக்கு என் வணக்கங்கள். மகனுக்கு என் அன்பும் ஆசியும், ஹாஸ்டலில் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். அத்தானை நான் கேட்டதாகச் சொல்லாதே. சொன்னால் தொலைந்தோம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. கடிதத்தை மடிக்கும்போது இவர் வந்து எதிரே உட்கார்ந்தார். கையில் துடைத்துப் பளபளக்கும் குக்கர் மூடி. என்னால் தாங்க முடியவில்லை. "என்னங்க, அன்னிக்கு மாடியில..." என்று தொடங்கினேன். "தெரியும், டாக்டர் அன்னிக்கே போன் பண்ணிட்டார்" என்றார். என் கடைசி ம்-மைக் கேட்டதுமே அத்தானுக்குப் புரிந்துவிட்டதாம். "சகலை, அது உங்க ம் இல்ல. தினம் எங்க வீட்ல கேக்கிற ம். அக்காளுக்கும் தங்கச்சிக்கும் ஒரே ம்" என்றாராம். நான் தள்ளவே இல்லை, அக்கா. கோடாரி இறங்குவதற்கு முன்பே பயத்தில் அவரே குதித்துவிட்டாராம். இரண்டு பேருக்கும் துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. நாம் எப்போது திட்ட ஆரம்பிப்போம் என்று காத்திருக்கிறார்கள், அதுதான் இந்தத் தலையாட்டலும் பாத்திரம் கழுவலும். இந்தப் பின்குறிப்பை உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளப் போகிறேன். வாக்கிங் போன உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் தெருமுனையில் எங்கள் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் கூப்பிட்டால்தான் வருவார்களாம். கூப்பிடலாம், ஒன்றும் அவசரமில்லை. முதலில் நீ வந்து கதவைத் திற.