சட்டிக்குள் யாரென்று கேட்பவர்

ஜோகூரின் தம்போய் வட்டாரத்தில் சோற்றுச் சட்டியோடு பேசுகிறவர்கள் பலர் இருக்கலாம். சட்டி சொன்ன பதிலைக் காது கொடுத்துக் கேட்டவர் எங்கள் ‘உள்ளயாரு’ அண்ணன் ஒருவர்தான்.

பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் நான் பெட்டி கட்டுகிறேன். அவர் அங்கே மெஷின் பழுது பார்க்கிறார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

முதன்முதலில் அவரைக் கேண்டீன் வரிசையில் பார்த்தேன். கடைசி ஆளாக வந்து சாம்பார்ச் சட்டியின் மூடியைத் தூக்கினார். முகம் ஆவியில் மறையும்வரை குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, பூட்டிய வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல மெதுவாகக் கேட்டார்.

“உள்ள யாரு?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை அசைக்காமல் இருந்தார்கள். காற்றாடி மட்டும் சுற்றியது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு உள்ளே தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மூடியை வைத்தார்.

“கடலை வந்திருக்கு,” என்றார்.

கேண்டீன் நடத்தும் செல்வி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “முருகன் மேல சத்தியமா, சாம்பார்ல யாராச்சும் கடலை போடுவாங்களாண்ணே?”

“நீங்க போடல. அதுவா வந்திருக்கு.”

அக்கா தேடிப் பார்த்தார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கு வறுத்த கடலையை அள்ளிய கரண்டிதான் சாம்பாருக்குள் கிடந்தது. அதைக் கழுவிவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் அக்கா மறுபடி பரிமாற வந்தார்.

விஷயம் இதுதான். அண்ணனின் உடம்புக்குக் கடலை, முந்திரி, முட்டை, இறால் நான்கும் ஆகாது. ஒரு துளி போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் இரண்டு தடவை செத்துப் பிழைத்தவர். அதற்காகச் சமைத்தவர்களைக் கேட்காமல் சட்டியைக் கேட்பானேன்? நான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“மனுசங்களக் கேட்டா, ‘அதெல்லாம் ஒண்ணும் செய்யாது, சாப்பிடுங்க’ம்பாங்க தம்பி. சட்டிக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

அவர் எதிரில் உட்கார யாருக்கும் துணிச்சல் இல்லை. நான் உட்கார்ந்தேன். நான் ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிறவன். அவர் சாப்பாட்டோடு மட்டும் பேசுகிறவர். பொருத்தம் சரியாக இருந்தது.

ஒருமுறை முச்சந்தியில் இருக்கும் நானா என்கிற முஸ்லிம் பெரியவர் கடைக்குப் போனோம். தோசை வந்தது. இவர் குனிந்து கேட்டார். கல்லாவில் இருந்த நானா சிரித்தார்.

“அரிசி, உளுந்து, வெந்தயம். வேற யாரும் இல்ல தம்பி, எல்லாம் நம்மாளுங்கதான்.”

“முட்டை வந்து போயிருக்கு நானா. கொஞ்ச நேரம் முன்னாடி.”

நானா அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. அதே கல்லில்தான் முட்டை ரொட்டி போட்டிருக்கிறார்கள். “இவரு வந்தா கல்லத் தேச்சுக் கழுவுங்கடா,” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இல்லேன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன்,” என்றார்.

பக்கத்து மேசையில் இருந்தவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். “அண்ணே, இவ்ளோ தெரியுது. ஞாயித்துக்கிழமை குலுக்கலுக்கு ஒரு நாலு நம்பர் சொல்லுங்க லா.”

“நம்பருக்கு வாசம் கிடையாது,” என்றார் அண்ணன், தோசையைத் தள்ளி வைத்துவிட்டு.

இப்படி இருந்தவர்தான் ஒருநாள் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டார். காரணத்தை எனக்கு மட்டும் சொன்னார்.

“கூலாய் பக்கம் சிவப்பு விளக்குல நிக்கிறேன். முன்னால லோரி. பலகை இடுக்குல ஒரு கன்னுக்குட்டி என்னையே பாக்குது. பச்சை விழுந்துச்சு. பின்னால ஹாரன் அடிக்கிறாங்க. அது கண்ண எடுக்கல. நானும் எடுக்கல.”

“என்னண்ணே சொல்லுச்சு?”

“ஒண்ணுமே சொல்லல தம்பி. அதான் பயமா இருந்துச்சு.” சோற்றை ஓரமாக ஒதுக்கினார். “வீட்டுக்கு வந்து டீ கலக்க பால் டின்னத் திறக்கிறேன். உள்ள அதே பார்வை.”

அன்று நானும் பால் போடாத டீதான் குடித்தேன்.

செல்வி அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “கடலை, முந்திரி, முட்டை, இறால் ஆகாது. இப்ப பாலு, தயிரு, நெய்யும் வேணாம். பேசாம மரம் மாதிரி வெயில்ல நின்னுக்குங்கண்ணே.”

அண்ணன் அதை உண்மையாகவே யோசித்தார். “வெயில்ல யாரும் எதையும் கலக்க மாட்டாங்கதான்,” என்றார்.

திட்டினாலும் அக்கா விடவில்லை. அவருக்கென்று தனிச் சட்டி வைத்தார். பெலாச்சான் என்கிற இறால் விழுது போடாத கங்கோங் கீரை, சோயாவில் செய்த தெம்பே, நெய் விடாத பருப்பு என்று சமைத்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், “அண்ணனுக்குப் பால் ஆகாது, நெய் ஆகாது,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆபத்து அங்கேதான் தொடங்கியது. புது விரதம் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. பழைய நோய் யார் வாயிலும் வரவில்லை.

அந்த ஆண்டு புகைமூட்டம் கடுமை. கடலுக்கு அப்பால் காடு எரிந்த புகை வந்து ஜோகூரில் குடியேறிவிட்டது. பகல் பதினொரு மணிக்கு வீடுகளில் விளக்கு எரிந்தது. சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. ஏன் பார்த்தோம் என்றும் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில் கெலாங் பாத்தாவில் செல்வி அக்காவின் மகளுக்குப் புது வீடு புகுவிழா. எங்கள் கேண்டீன் முழுவதற்கும் அழைப்பு.

பால் பொங்கி முடியும்வரை அண்ணன் வாசலில் நின்றார். உள்ளே போனால் எல்லோர் முகத்திலும் முகமூடி. கண்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. சாம்பிராணிப் புகை எது, காட்டுப் புகை எது என்று தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டால் யார் சிரித்தது என்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் மூவாரிலிருந்து வந்திருந்தார். சிறிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணனிடம் வந்தார்.

“சம்பந்தி சொன்னாங்க தம்பி. ஒரு சொட்டுப் பால் இல்ல, நெய் இல்ல. உங்களுக்குன்னே தனியா வச்ச பாயசம்.”

அண்ணன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். “உள்ள யாரு?”

அவர் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறை சற்று உரக்கக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“தம்பி, உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்கு.”



“புது வீட்டுல இனிப்பு வாயில படாமப் போனா நல்லாவா இருக்கும்? ஒரு வாய், தம்பி,” என்றார் மூவார் அம்மா. ஒருவருக்காகத் தனியே சமைத்த அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் ஒரு கரண்டி வாயில் விட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழுத்தைத் தடவினார். உதடு தடித்தது. விசித்திரமாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“இப்பப் பேசுது,” என்றார். “முந்திரி.”

மூவார் அம்மாவின் கையிலிருந்து மூடி விழுந்தது. “பால் இல்லாம தண்ணியா இருந்துச்சேன்னு முந்திரிய ஊற வச்சு அரைச்சு ஊத்தினேன். விருந்தாளிக்கு நல்லதாத்தானே போடணும்?”

செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “பாலைச் சொன்னேன், நெய்யைச் சொன்னேன், முந்திரியச் சொல்லலையே.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாபோல இருந்த ஊசியை எடுத்துக் காற்சட்டையின் மேலேயே தொடையில் குத்திக்கொண்டார். “அடப்பாவி, புது வீட்டுல போதை ஊசி போடறான், பிடிங்கடா,” என்று ஒரு பெரியவர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். “கைய விடுங்க, அது மருந்து,” என்று யாரோ அதட்டினார்கள். நான்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை கூடத்தில் படுக்க வைத்துக் கால்களை ஒரு பலகைமேல் தூக்கி வைத்தோம். மூச்சு விசில்போல உள்ளே போய் வந்தது. முகமூடி போட்ட அத்தனை பேரும் சுற்றி நின்றோம். அவர் சட்டிக்குக் காது கொடுப்பதுபோல நாங்கள் அவர் மூச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை.

பிழைத்துவிட்டார். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“மூக்கை வச்சு அலர்ஜியக் கண்டுபிடிக்க முடியாதுங்க ஐயா. இத்தனை வருசம் தப்பிச்சது அதிர்ஷ்டம். இனிமே சமைச்சவங்களக் கேளுங்க. முந்திரி இருக்கா, கடலை இருக்கான்னு பேர் சொல்லிக் கேளுங்க. அவங்களுக்குச் சந்தேகம்னா சாப்பிடாதீங்க.”

“மனுசங்களையா?” என்றார் அண்ணன். நாமெல்லாம் பேயைப் பற்றிப் பேசும் குரலில்.

ஆனால் முதலில் கேட்கப் போனது மூவார் அம்மாவைத்தான். புகுந்த அன்றே வீட்டில் உயிர் போகப் பார்த்ததே என்று அந்த அம்மா ஊர் திரும்பாமல் மகன் வீட்டிலேயே இருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம். மழை பெய்து புகை கரைந்த ஒரு சனிக்கிழமை, அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு கெலாங் பாத்தாவுக்குப் போனார். அடுப்படியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். முகம் வியர்த்திருந்தது.

“அம்மா, இந்தப் பாயசத்துல என்னென்ன போடறீங்க?”

“சவ்வரிசி, தேங்காய்ப் பால், கூலா மலாக்கா வெல்லம். உப்பு ஒரு சிட்டிகை.”

“சட்டி?”

“புதுசு தம்பி. கரண்டியும் புதுசு.”

இரண்டு டம்ளர் குடித்தார். அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார்.

இப்போது கேண்டீனிலும் வாய்விட்டுத்தான் கேட்கிறார். செல்வி அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா சொல்வதற்கு ஒரு கணம் முன்னால் அண்ணனின் உதடு அதே பெயருக்கு அசைகிறது.

அவர் எதிரில்தான் இன்னும் உட்காருகிறேன். அவர் சாப்பிட்டு எழுந்து, குழாயடியில் தட்டைக் கழுவும் சத்தம் கேட்கும்வரை எனக்குச் சோற்றில் கை போவதில்லை. ஆறின சோறு பழகிவிட்டது.