பரிசல் தாரும் சம்பந்தி சாவும்

ஆத்துத்திட்டு,
பென்னாகரம் தாலுகா,
ஆவணி 9, 1968

கடத்தூர் சம்பந்தி காளியப்பன் அவர்கள் திருச்சமூகத்துக்கு, நாலு பக்கமும் காவிரி சூழ்ந்த திட்டிலிருந்து சென்னப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நான், மனைவி குள்ளம்மாள், மகள் ராணியம்மாள், இரண்டு எருமைகள் யாவரும் சுகம். தாங்கள் சுகமாக இருப்பதை நேரிலேயே பார்த்துவிட்டபடியால் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெண் பிடித்திருக்கிறது என்று மூலையில் மஞ்சள் தடவித் தாங்கள் போட்ட கடிதம், ஆற்றில் வெள்ளம் என்று அக்கரையிலேயே பத்தொன்பது நாள் கிடந்து, தண்ணீர் இறங்கியதும் எங்கள் பரிசல்காரன் முனியப்பனின் பரிசலில் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பரிசலுக்குப் புதுத் தார் பூசியிருந்தான். மஞ்சள் நனைந்து போய், அந்த மூலையில் தார் ஒட்டிக்கொண்டது. "ஐயோ, கருப்புக் கடுதாசிங்க! வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க!" என்று குள்ளம்மாள் கத்த, வாசலிலேயே பிரித்தேன். எழுத்தெல்லாம் கரைந்து, அடியில் காளியப்பன் என்பது மட்டும் தெரிந்தது. போனது தாங்கள்தான் என்று நானே முடிவு கட்டினேன். "செத்தவரு எப்படிப்பா கடுதாசி எழுதுவாரு?" என்று ராணி கேட்டாள். "பெரியவங்க அழுவறப்ப குறுக்க பேசாத" என்று அதட்டி, முறைப்படி கடிதத்தைக் கிழித்து ஆற்றில் விட்டேன். அப்புறம் மாலை, கோடி வேட்டி, ஒப்பாரிக்கு நாலு பெண்கள் என்று பஸ் ஏறி வந்து, தங்கள் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டோம். கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த தாங்கள், "யாருங்க போயிட்டாங்க?" என்று கேட்டீர்கள். கண்ணீரில் எனக்கு ஆள் தெரியவில்லை. "நம்ம காளியப்பனுங்க, தங்கமான மனுசன்" என்று சொல்லி, மாலையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லித் தங்கள் கையிலேயே கொடுத்தேன்.

தங்கள் வீட்டம்மா அதைப் பிடுங்கித் தெருவில் வீசி, "இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தால் மாலையோடு என்னையும் வீசியிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து ராணி சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. பெத்த வயிறு எரியுதுங்க. நான் முட்டாள், ஒப்புக்கொள்கிறேன். தங்கள் வீட்டுக்கு வாழ வரப்போவது நான் இல்லையே, செத்தவர் எப்படிக் கடுதாசி எழுதுவார் என்று கேட்ட பெண்தானே. கொஞ்சம் மனசு வையுங்க.

தாங்கள் நூறு வயது தாண்டி, பேரன் பேத்தி எடுத்து வாழக் காவிரித் தாயை வேண்டிக்கொள்ளும்,
சென்னப்பன்

பி.கு.: இன்று ஆவணி 20. மறுபடி வெள்ளம் வந்து பத்து நாளாகப் பரிசல் போகாததால் மேற்படிக் கடிதம் என்னிடமே கிடக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து அக்கரையில் ஏதோ ஒரு கூட்டம் கை தட்டிக் கூப்பிட்டது. "ஓட்டுக் கேக்க வந்திருப்பாங்க, யாரும் திரும்பிப் பாக்காதீங்க" என்று ஊரையே நான்தான் உள்ளே அனுப்பினேன். சற்று முன் முனியப்பன் எப்படியோ போய்த் தபாலோடு திரும்பினான். வீட்டம்மாவின் கோபம் தணிந்துவிட்டதாகவும், ஆவணி 19ஆம் தேதி பூ வைக்க வருவதாகவும் தங்கள் கடிதம். அக்கரையில் பூக்கூடையோடு நிற்பது தாங்களாம். ராணி என்னிடம் பேசிவிட்டாள்: "நீங்க போவாதீங்கப்பா, பரிசல மட்டும் அனுப்புங்க." இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். முனியப்பன் மறுபடியும் தார் பூசியிருக்கிறான், வேட்டியைப் பார்த்து உட்காருங்கள்.