குடை எடுக்கப் போனவர்

கிளிநொச்சி,
10.02.1982, புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாமா அவர்கட்கு,

மருமகன் சற்குணநாதன் பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியிருக்கும் என்றும், மாமியின் இருமல் தணிந்திருக்கும் என்றும், உரும்பிராயில் மூத்த மகள் வீட்டில் உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது என்றும் நம்புகிறேன். இங்கே நான், விமலேஸ்வரி, குழந்தை வதனி மூவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இக்கடிதம். மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். நீங்கள் எப்படியும் வாசிப்பீர்கள். அவ கதிரையில் உட்கார்ந்திருக்கும்போது வாசியுங்கள்.

ஐப்பசியில் நீங்கள் முழங்காலை வைத்தியரிடம் காட்டுவதற்கு யாழ்ப்பாணம் போனபோது, பூநகரிக் காணியைச் சனி, ஞாயிறுகளில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் கேட்காமலே சொன்னவன், கந்தோர் மேசையில் காகிதக் கோவை கட்டும் நான். "தம்பி, காணி கந்தோர் மாதிரி இல்லை" என்று நீங்கள் சொன்னதும் நான் சிரித்ததும் நினைவிருக்கும். அந்தச் சிரிப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதலாவது சனிக்கிழமை புல்லுப் பிடுங்குகிறேன் என்று உங்கள் மிளகாய்க் கன்றுகளில் ஒரு வரிசையைப் பிடுங்கிக் குவித்தேன். (விமலா திரும்ப நட்டா. பாதி பிழைத்தது. உங்களுக்கு எழுதிய கடிதத்தில் அதை மழையின் தலையில் போட்டோம்.) இரண்டாம் கிழமை துலாவில் தண்ணீர் இறைக்கப் போய், வாளியையும் கயிற்றையும் சேர்த்துக் கிணற்றுக்குள் விட்டேன். அதை எடுக்க விமலா சீலையை வரிந்து கட்டிக்கொண்டு படியில் இறங்கினா, நான் மேலே நின்று "கவனம், கவனம்" என்று சொன்னேன். மூன்றாம் கிழமை பால் கறக்க உட்கார்ந்தேன். சிவப்பிப் பசு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. எங்கள் கந்தோரில் பெரியவர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தா, மாமா. கவிழ்த்துப்போட்ட உரலின் மேல் குந்தி, வாயில் விரலை வைத்துக்கொண்டு, நாலரை வயது வதனி. மூன்றாம் கிழமை பின்னேரம் எனக்குச் சோறு போடும்போது அவள் பக்கத்தில் வந்து நின்று, குற்றம் சொல்லும் குரலில் இல்லை, அறிய வேண்டும் என்ற விருப்பத்தோடு கேட்டாள்: "அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அப்பா, உங்களுக்கு என்ன தெரியும்?"

கூட்டல் கழித்தல் தெரியும், கோவை கட்டத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். காட்டோரத்தில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையிடம் கோவை கட்டத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? விமலா குசினிக்குள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, "அப்பா ஆனை கலைச்சனான்" என்றேன். அவள் கண்கள் விரிந்தன. அந்தக் கண்களைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. நீ பிறக்க முதல், பூநகரி றோட்டில், கொம்பன் ஆனை ஒன்று பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றது, டிரைவர் ஓடிவிட்டார், அப்பா மட்டும் இறங்கிப் போய் இந்தக் குடையால் தும்பிக்கையில் ஒரு தட்டுத் தட்டி, "போ வீட்டை!" என்றேன், அது திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டது என்றேன். "அழுதுகொண்டு போனதோ?" என்று கேட்டாள். "கொஞ்சம் அழுதது" என்றேன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, நம் காணிக்கு அடுத்தாற்போல் காடு வெட்டிக் குடியிருக்கும், கிழமை நாட்களில் நம் பசுவையும் பார்த்துக்கொள்ளும் கணபதியையும் வீரம்மாவையும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வதனி அடுத்த நாட் காலையே வேலிப் பொட்டால் நுழைந்து போய் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நில்லாமல் நடித்தும் காட்டியிருக்கிறாள். கணபதி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"புள்ள சொல்லுச்சுங்க, ஐயா ஒத்தையில ஆனைய வெரட்டினவருன்னு. நெசங்களா?"

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது பழைய கதை" என்றேன். இந்த மூன்று சொல்லில் பொய் ஒன்றும் இல்லையே என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த கிழமையிலிருந்து சனிக்கிழமைகளில் நாங்கள் பஸ்ஸால் இறங்க, வாசலில் வெள்ளரிக்காய் இருக்கும், பிறகு பூசணிக்காய், ஒருமுறை போத்தல் நிறையத் தேன். எனக்கு வீரத்துக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டேன். பின்னேரங்களில் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லை வேலியோரம் நடந்து காட்டைப் பார்ப்பேன். கணபதி பின்னால் வந்து, எந்தப் பக்கத்தால் வரும், நெருப்புக்குப் பயப்படுமா என்றெல்லாம் கேட்பார். அவருடைய தேயிலை மலையில் சிறுத்தை உண்டாம், யானை இல்லையாம். நான் காற்றை மோந்து பார்த்து, "காத்து மாறினால்தான் யோசிக்க வேணும்" என்பேன். காற்று மாறினால் என்ன நடக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போன சனிக்கிழமை காலை கணபதி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வவுனியாவில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். "சோளம் முத்திருச்சுங்க, விட்டுட்டுப் போக மனசில்ல. ஆனா ஐயா ரெண்டு நாளும் இருக்கீங்கதானே. நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவேன்" என்றார். நான் அவருடைய தோளைத் தட்டி, "ஓம் ஓம், நீங்கள் போட்டு வாங்கோ" என்றேன். தோளைத் தட்டினேன், மாமா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணி இருக்கும். விமலா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தா. வீரம்மா தன் காணியின் மறு அந்தத்தில் சோளப்பொத்தி முறித்துக்கொண்டிருந்தா. நானும் வதனியும் வேலியோரம் பாலைமரத்துக்குக் கீழே நின்று எறும்பு பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு மெதுவாக வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வதனி என் கையைப் பிடித்து இழுத்து, சந்தோசத்தோடு சொன்னாள்: "அப்பா, உங்கட ஆனை வந்திட்டுது!"

நிமிர்ந்து பார்த்தேன். சோளத்துக்கு மேலால் ஒரு நெற்றி தெரிந்தது. அதன்பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. என் கால்கள் செய்தன என்று எழுதவும் மனம் வரவில்லை, கால்கள் என்னுடையவை. நான் ஓடினேன். முற்றத்தைக் கடந்து, படியைத் தாண்டி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, முதுகால் முண்டு கொடுத்து நின்ற பிறகுதான் என் இடது கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. அந்தக் கையில்தான் பிள்ளை இருந்தவள்.

உடனே கதவைத் திறந்தேன் என்று எழுத ஆசை. திறக்கத்தான் பார்த்தேன். உங்கள் கொண்டியைச் சற்றுத் தூக்கி இழுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், நாலு மாதமாகத் திறந்து சாத்துகிறேன், ஆனால் அன்றைக்குக் கீழே அழுத்தி அழுத்தி இழுத்தேன், அது வரவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என் பிள்ளை பாலைமரத்தடியில் விட்ட இடத்திலேயே நின்றாள். யானைக்கும் அவளுக்கும் இடையில் நாற்பது முழம் இருக்குமோ என்னவோ. ஒரு விரலை நீட்டி, நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில், "போ வீட்டை!" என்று அதட்டினாள். யானை காதை ஒருமுறை அசைத்தது. திரும்பவும், "போ வீட்டை!" என்றாள். மாமா, நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

வீரம்மாதான் ஓடி வந்தா. சோளப்பொத்திகளைப் போட்டுவிட்டு, யானை நின்ற பக்கத்தாலேயே குறுக்கே ஓடி வந்து பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு நம் முற்றத்துக்குப் பாய்ந்தா. விமலா ஈரச் சீலையோடு கிணற்றடியிலிருந்து வந்து வாளியைக் கவிழ்த்துத் தடியால் அடித்த அடியில், என் பல் கூசியது. பிறகு இருவரும் காய்ந்த பனங் காவோலையைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். யானை அவசரப்படவில்லை. கணபதியின் சோளத்தில் சரிபாதியைத் தின்றும் மிதித்தும் முடித்துவிட்டு, தனக்கு வேறு அலுவல் இருப்பதுபோலக் காட்டுக்குள் போயிற்று. அப்போதுதான் கொண்டி திறந்தது.

நான் வெளியே வந்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வீரம்மாவின் காலில் முள்ளுக் கிழித்து இரத்தம் வடிந்தது. விமலா எரிந்த காவோலையை மண்ணில் தேய்த்து அணைத்தா. அந்த நேரத்தில் வதனி, வீரம்மாவின் இடுப்பில் இருந்தபடியே, எனக்காக வழக்குப் பேசினாள்.

"அப்பா பயத்தில ஓடேல்லை. அப்பா குடை எடுக்கப் போனவர். என்னப்பா?"

நான், "ஓம்" என்றேன்.

மாமா, யானையைக் கண்டு ஓடினதுக்கு நீங்கள் என்னை மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். அந்த "ஓம்"க்கு மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கில்லை. குடை அப்போது பாலைமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் அதைப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் நின்றோம்.

பொழுதுபடக் கணபதி வந்தார். வேலியடியில் நின்று சோளத்தைப் பார்த்தார், மிதிபட்ட ஒரு தண்டை நிமிர்த்தி வைத்தார். நான் வாசலிலிருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. வாங்கின மரியாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"இது என்னாத்துக்குங்க?" என்றார்.

"இனி இது எனக்கு வேண்டாம், கணபதி. நான் இதுக்குத் தகுதி இல்லை."

வீரம்மா காலில் மஞ்சள் அப்பிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "அது ஒங்களுக்கு இல்லீங்க. பெரிய ஐயா போன வருசம் பூரா அவுங்க கெணத்துல தண்ணி அள்ள விட்டாங்கள்ல, அதுக்கு. அவுங்க இங்க இல்லேன்னு ஒங்க வாசல்ல வெச்சோம்" என்றா.

ஆக மாமா, மூன்று மாதம் நான் தின்றது உங்களுடைய வெள்ளரிக்காய். உங்களுடைய தேன்.

கணபதி பூசணிக்காயை என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, கோபம் இல்லாமல், கோபித்திருந்தாலும் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னார்: "ஆனை கதைய முழுசா நம்புனேன்னும் சொல்ல முடியாதுங்க. நம்பலேன்னும் சொல்ல முடியாது. புள்ள சொல்லுச்சு. நீங்க இல்லேங்கல. அதான் போயிட்டேன்."

திங்கள் காலை பஸ்ஸில் வதனி என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். விமலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தா. இன்று மூன்றாம் நாள். என்னோடு அவ பேசியது "சோறு", "உப்பு", படுக்கப் போகும்போது "விளக்கை நூருங்கோ" ஆகியவை மட்டும்.

ஆகையால் உங்களைத் தாழ்மையாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், காணியைப் பார்க்க வேறு ஒரு நல்ல ஆளை உடனே ஒழுங்கு செய்யுங்கள். நான் இனி அந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன், வீரம்மா முகத்தில் முழிக்க மாட்டேன். சனி, ஞாயிறுகளில் பிள்ளையைக் கிளிநொச்சிக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறேன். அங்கே வாத்துத்தான் இருக்கிறது.

உங்கள் கால் கெதியில் சுகமாகி, பழையபடி நடந்து வந்து என்னை நேரே ஏச எல்லாம் வல்ல பிள்ளையார் அருள் புரிவாராக. மாமியின் பாதங்களில் என் வணக்கத்தை வையுங்கள். அவ அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு தங்கள் மருமகன்,
சற்குணநாதன்.

பி.கு. (வெள்ளிக்கிழமை பின்னேரம்): இரண்டு நாளாக முத்திரை ஒட்டாமல் வைத்திருந்த இக்கடிதத்தை விமலா எடுத்து வாசித்துவிட்டா. வாசித்து முடித்து, முழு வசனமாக என்னோடு பேசினா: "அப்பாவுக்கு வடிவா எழுதியிருக்கிறியள். கணபதிக்கு ஆர் சொல்லுறது? பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன். அப்பா எந்த ஆனையையும் கலைக்கேல்லை, பஸ் கதை பொய், அண்டைக்குக் குடை எடுக்கப் போகேல்லை, பயத்தில உன்னை விட்டிட்டு ஓடினனான் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் கந்தோர்க் குரலாக இல்லை. அவள் விரலை வாயிலிருந்து எடுத்து, "எனக்கும் பயமாத்தான் இருந்தது. அடுத்தமுறை ஓடேக்கை என்னையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கோ" என்றாள்.

எனவே மேலே வேறு ஆள் பார்க்கச் சொன்ன பகுதியை வாசிக்காததாக எண்ணிக்கொள்ளுங்கள். பூநகரிப் பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார், கணபதி வேலி அடைக்கிறாராம், முள்ளுக்கட்டுத் தூக்க ஆள் தேவையாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மூவரும் போகிறோம். அவரிடம் உள்ளதைச் சொல்ல எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. வழியில் பரந்தனில் பஸ் கன நேரம் நிற்கும், அதற்குள் யோசித்துவிடுவேன்.