எலுமிச்சை ஆராய்ச்சிக் குழு

ரத்தசோகைமீது எங்கள் ரொங்காபதார் தேயிலைத் தோட்டம் தொடுத்ததைப் போன்ற போரை அசாமின் சரித்திரம் அதுவரை கண்டதில்லை. தோட்டத்து நலத்துறைப் பாபு என்ற முறையில் அதன் எல்லாக் கூட்டங்களிலும் உட்கார்ந்து பிஸ்கட் தின்றவன் நான். ஆகவே அதிகாரபூர்வமாகச் சொல்கிறேன்.

கொழுந்து பறிக்கும் பாசந்திக்கு மாதம் ஏழு. ரத்த அளவும் ஏழு. இந்த அபூர்வ ஒற்றுமையைப் பார்த்து நர்ஸ் ருனுமி மட்டும் பதறினாள்.

"பாபு, இந்த ரத்தத்தோட பிரசவம்னா அவ பொழைக்கிறது கஷ்டம். இரும்பு மாத்திரைய வேலை நேரத்துல நீங்க குடுக்கிற உப்பு டீயிலதான் முழுங்குறா. டீ இருந்தா இரும்பு உடம்புல சேராது. எலுமிச்சைத் தண்ணியில குடுங்க, நல்லா சேரும்."

சுற்றறிக்கை தயாரித்தேன். மேனேஜர் பருவா சாகேப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"'மாத்திரையுடன் தேநீர் வேண்டாம்.' தேயிலைக் கம்பெனி காகிதத்துல இப்படி எழுதுவியாய்யா? அப்புறம் குவாஹாட்டி ஏலத்துல நம்ம தூளை எவன் தொடுவான்?"

"மாத்திரைக்கு மட்டும்தான் சாகேப்."

"இன்னிக்கு மாத்திரை. நாளைக்கு பிஸ்கட்டும் வேணாம்பீங்க!"

ஆழ்ந்த விவாதத்துக்குப் பின், 'ஏற்ற பானத்துடன் உட்கொள்க' என்று திருத்தினோம். ஏற்ற பானம் எது என்று ஆராய, சாகேப் தலைமையில் ஐவர் குழு அமைந்தது. சாகேப் பங்களாவின் நாற்பது எலுமிச்சை மரங்களும் குழுவின் பொறுப்புக்கு வந்தன. அதுவரை வேலியோரம் உதிர்ந்த காய்களைப் பெண்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒழுங்கீனமும் ஒழிந்தது.

குழு எட்டு முறை கூடியது. எலுமிச்சையைத் தேநீரிலேயே பிழிந்து பார்த்தோம். பிரமாதம்! இருந்தாலும் விஞ்ஞானம் அவசரப்படலாமா? மறுபடி மறுபடி பிழிந்தோம்.

ஒருநாள் பாசந்தி வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"பாபு, ஒரே ஒரு எலுமிச்சை. சிஸ்டர் வாங்கிக்கச் சொன்னாங்க."

"அது ஆராய்ச்சிப் பொருளம்மா. அறிக்கை வரட்டும்."

"அதுக்கு முன்னாடி இது வந்துருமே பாபு," என்று வயிற்றைக் காட்டினாள்.

எனக்கு மனசு உறுத்தியது. ஒரு கோப்பை குடித்ததும் சரியாகிவிட்டது.

ஒன்பதாம் கூட்டத்தில், ஆராய்ச்சியின் பலனை அறியக் குழுவினருக்கே எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவை வாசித்தேன். ஐவருக்கும் பதினான்கு! கைதட்டல் அடங்குவதற்குள் ருனுமி உள்ளே வந்தாள். உடுப்பெல்லாம் ரத்தம்.

"குழந்தை பொறந்துடுச்சு. பாசந்திக்கு உடனே ரத்தம் ஏத்தணும். ஜீப் நிக்குது, எல்லாரும் ஏறுங்க."

"நாங்களா?" என்றார் சாகேப்.

"பதினாலுன்னு கைதட்டுனீங்கல்ல? அதுல ஏழு அவளோடது. வந்து திருப்பிக் குடுங்க."